நாட்டிங் ஹில் கார்னிவல் போனேன், ஸ்டீல்பான் மட்டும் காதில் விழவில்லை

ஹாரோ_நித்யா
செவ்வாய், காலை 9:14

நேற்று முதல் தடவையாக நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு, லண்டன் கரீபியர்களின் தெருவிழாவுக்கு, போனேன். லண்டன் வந்து 6 வருஷம் ஆகிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் "அந்தக் கூட்டத்துக்குள்ள எல்லாம் போகாதே" என்று யாராவது சொல்லித் தடுத்துவிடுவார்கள். இந்த முறை போயே தீருவது என்று கிளம்பியதற்கு ஒரே காரணம் ஸ்டீல்பான் என்ற வாத்தியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சவுத்பேங்க் நதியோரத்தில் ஒரு பெரியவர் தனியாக நின்று வாசித்துக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, கேட்க ஐந்தாறு பேர்தான். எண்ணெய் பீப்பாயிலிருந்து வருகிற ஒலி என்று நம்பவே முடியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சத்தம் மனசை விட்டுப் போகவில்லை.

நேற்று 4 மணி நேரம் நடந்தேன். வரிசையாக லாரிகள், லாரி நிறைய ஸ்பீக்கர், நெஞ்சுக்கூடு அதிர்கிற பேஸ். இறகு வைத்த உடைகள் கண்ணைப் பறித்தன. ஆனால் பான் எங்கேயும் இல்லை. ஒரே ஒரு தடவை தூரத்தில் நாலைந்து ஸ்வரம் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு லாரி குறுக்கே வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கரீபியன் கார்னிவல் என்றாலே ஸ்டீல்பான் என்றுதானே படித்திருக்கிறோம்? அது எங்கே போயிற்று? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கென்சல்_பாலா
செவ்வாய், காலை 10:40

நித்யா, நீங்கள் போன நாள்தான் சரியில்லை. கார்னிவல் ஞாயிறும் திங்களும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது சனிக்கிழமை இரவே நடந்து முடிந்துவிடும். அன்றைக்குத்தான் பனோரமா, லண்டன் ஸ்டீல்பேண்டுகள் மோதும் போட்டி. கென்சல் ரோடு பக்கம் ஹார்னிமன்ஸ் பிளசன்ஸ் என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, அங்கே நடக்கும். மாங்ரோவ், எபனி, மெட்ரோனோம்ஸ் மாதிரி பேண்டுகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பாட்டோடு மேடை ஏறும். அந்த ஒரு பாட்டுக்காக ஜூலை, ஆகஸ்ட் முழுக்க ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி.

நான் 9 வருஷமாக ஒரு பேண்டில் டபுள் செகண்ட் வாசிக்கிறேன், அதாவது இரண்டு பான் சேர்ந்த ஜோடி. நீங்கள் நதியோரத்தில் கேட்டது டெனர் பானாகத்தான் இருக்கும். பெயர் டெனர் என்றாலும் எல்லாவற்றிலும் உச்ச ஸ்தாயி அதுதான், பாட்டின் மெட்டை எடுத்துச் செல்வதும் அதுதான். அதற்குக் கீழே டபுள் டெனர், டபுள் செகண்ட், கிடார் பான், செல்லோ, கடைசியில் பேஸ். பேஸ் வாசிப்பவரைச் சுற்றி 6 முழு பீப்பாய்கள் நிற்கும், ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று ஸ்வரம். அவர் நடுவில் நின்று திரும்பித் திரும்பி அடிப்பதைப் பார்ப்பதே தனி அழகு. இவர்களுக்கு நடுவே 'எஞ்சின் ரூம்' என்று ஒரு கூட்டம். டிரம்ஸ், காங்கா, அதோடு பழைய கார்களின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டுகிறவர்கள். அந்த 'இரும்பு' நின்றுவிட்டால் பேண்டே நின்றுவிடும்.

சேர்ந்த முதல் மாதம் நோட்ஸ் எழுதிய தாள் வேண்டும் என்று கேட்டேன். தாளெல்லாம் கிடையாது என்றார்கள். அரேஞ்சர், அதாவது பாட்டைப் பேண்டுக்கு அமைத்துத் தருபவர், ஒரு சின்னத் துண்டை வாயால் பாடிக் காட்டுவார், அல்லது வாசித்துக் காட்டுவார். அதை நாற்பது தடவை வாசிக்க வேண்டும். அப்புறம் அடுத்த துண்டு. என் பக்கத்தில் 70 வயதைத் தாண்டிய ஒரு அம்மா நின்றார். நான் தடுமாறும்போதெல்லாம் தன் வாசிப்பை விடாமலே ஒரு குச்சியை நீட்டி, என் பானில் அடுத்து அடிக்க வேண்டிய இடத்தை லேசாகத் தொட்டுக் காட்டுவார். பாட்டு முழுவதையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் குச்சிதான்.

மிருதங்கம்_ரவி
செவ்வாய், பகல் 1:05

பாலா, ஒரு சந்தேகம். மிருதங்கத்தில் ஒரு சுருதிக்கே நாங்கள் ரவையும் சாந்தும் கல்லும் வைத்து இவ்வளவு பாடுபடுகிறோம். ஒரே தகரத்தில் இருபத்தைந்து முப்பது ஸ்வரம், அதுவும் ஒன்று அடுத்ததைக் கெடுக்காமல், எப்படிப் பிரித்து வைக்கிறார்கள்? அடிக்கும்போது மொத்தத் தகரமும் சேர்ந்து அதிராதா?

கென்சல்_பாலா
செவ்வாய், மாலை 6:22

ரவி சார், அதிரும். அந்த அதிர்வைக் கட்டுப்படுத்துவதுதான் டியூனர் வேலையே. எங்கள் பேண்டுக்கு வரும் டியூனர் பக்கத்தில் இரண்டு முழு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

200 லிட்டர் எண்ணெய் பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் குழியாக்குவார்கள். டெனருக்கு ஒரு சாண் ஆழம் வரை இறங்கும். தகரம் இழுபட்டு நடுவில் மெலியும். அதன்மேல் ஸ்வர இடங்களை வரைந்து, மழுங்கிய உளியால் கோடு முழுக்கக் குத்திக்கொண்டே வருவார்கள். அந்தக் கோடுதான் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வரப்பு. அப்புறம் பீப்பாயின் பக்கச் சுவரை வெட்டுவார்கள். டெனருக்குச் சுவர் குட்டை, பேஸுக்கு முழு உயரமும் அப்படியே இருக்கும். பிறகு நெருப்பில் காட்டி எடுப்பார்கள். அதற்கு அப்புறம்தான் உண்மையான சுருதி வேலை. சின்னச் சுத்தியலால் அடியிலிருந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் சின்ன மேடாக எழுப்பி, மேலிருந்து தட்டிச் சரிசெய்து, மறுபடி அடியிலிருந்து தட்டி... ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்து ஸ்வரம் நகர்ந்துவிடும். நான் பார்த்த அன்று ஒரே ஒரு ஸ்வரத்துக்காக ஒன்றரை மணி நேரம் போயிற்று. அடிப்படை ஸ்வரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அதற்குள்ளேயே மேல் ஸ்தாயியும், அதற்கு மேல் உள்ள பஞ்சமமும் ஒலிக்க வேண்டும். அந்தப் பளபளப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். டெனரில் ஸ்வரங்கள் வரிசையாக இருக்காது. வெளி வட்டத்தில் ச எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு பக்கம் ப, மறுபக்கம் ம. ப-வுக்கு அடுத்து ரி. இப்படிப் பஞ்சமம் பஞ்சமமாக 12 ஸ்வரமும் ஒரு சுற்று. ஒவ்வொன்றுக்கும் நேர் உள்ளே அதன் மேல் ஸ்தாயி. பக்கத்தில் இருப்பவை உறவுள்ள ஸ்வரங்கள் என்பதால் ஒன்று அதிர்ந்தாலும் மற்றது இனிமையாகவே கூட ஒலிக்கும். இந்த அமைப்புக்கு வழி காட்டியவர் ஆந்தனி வில்லியம்ஸ். டிரினிடாட் என்ற கரீபியத் தீவுக்காரர், நார்த் ஸ்டார்ஸ் பேண்டைச் சேர்ந்தவர். வலைபோல இருந்ததால் 'ஸ்பைடர் வெப்' என்று பெயர் வைத்தார்.

மிருதங்கம்_ரவி
செவ்வாய், இரவு 8:10

பஞ்சம வட்டத்தைத் தகரத்தில் வரைந்துவிட்டாரா அந்த மனிதர்! படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

சவானா_செல்வம்
புதன், காலை 5:48

டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 5 வருஷம் எண்ணெய்க் கம்பெனி வேலையில் இருந்தவன் நான். லாவென்டில் மலையில் டெஸ்பரடோஸ் பேண்டின் பயிற்சியையும், உட்புரூக்கில் இன்வேடர்ஸ் பேண்டின் பயிற்சியையும் மணிக்கணக்கில் நின்று கேட்டிருக்கிறேன். பாலா சொன்ன தொழில்நுட்பத்துக்குப் பின்னால் இருக்கும் கதையையும் சொல்லவில்லை என்றால் இந்த வாத்தியத்தின் பாதிதான் தெரியும்.

18-ம் நூற்றாண்டுக் கடைசியில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் டிரினிடாடுக்கு வந்தபோது முகமூடி விருந்துகளையும் கொண்டுவந்தார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1834-ல் அடிமை முறை ஒழிந்ததும் தெரு அவர்களுடையதாயிற்று. கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் அணைக்க நள்ளிரவில் சவுக்கடியோடு ஓட்டிச் செல்வார்கள் அல்லவா, அதையே தீப்பந்தமும் பறையோசையும் கம்புச் சண்டையுமாக நடித்துக் காட்டினார்கள். கேன்பூலே என்று பெயர். 1881-ல் கேப்டன் பேக்கர் என்ற போலீஸ் அதிகாரி அதை நிறுத்தப் போய்ப் பெரிய மோதல் ஆனது. 1884-ல் சட்டம் போட்டு மேளத்தையும் பந்தத்தையும் தடுத்துவிட்டார்கள்.

மேளம் போனதும் மூங்கிலை எடுத்தார்கள். டம்பூ பாம்பூ என்று பெயர். ஆளுயர மூங்கில் குழாயைத் தரையில் இடித்தால் பேஸ், சின்னதைக் குச்சியால் தட்டினால் மேல் தாளம். 1930-களில் மூங்கிலுக்குப் பதில் பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி, பிரேக் டிரம் என்று தகரம் வந்தது. அடிபட்டு நசுங்கிய இடம் வேறு ஸ்வரம் கொடுக்கிறது என்று யாரோ ஒரு பையன் கவனித்திருக்கிறான். முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் அங்கே ஒவ்வொரு தெருவும் தன் ஆளைத்தான் சொல்லும். ஜான் ஜான்காரர்கள் வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் என்பார்கள். உட்புரூக்காரர்கள் எல்லி மேனெட் என்பார்கள். போர்க்காலத்தில் 1942 முதல் 45 வரை கார்னிவலுக்கே தடை. ஆனால் அமெரிக்கக் கடற்படைத் தளம் வந்ததால் எண்ணெய் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. 1945-ல் போர் முடிந்த சேதி கேட்டதும் தகரத்தோடு ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் பான் வாசிக்கிறவன் என்றால் ரவுடி என்று பொருள். பேண்டுகளுக்குள் கத்தி, பாட்டில் சண்டை. 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோ என்ற பேண்டும் மோதியது இன்னமும் பேசப்படுகிறது. வீட்டில் பான் வைத்திருந்தால் அப்பா உடைத்துப் போட்டுவிடுவார். இதை எனக்குச் சொன்னது 80 வயதைத் தாண்டிய ஒருவர், கண் கலங்கித்தான் சொன்னார். அதே நாடு 1992-ல் பானைத் தேசிய வாத்தியமாக அறிவித்தது. 2023-ல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பான் தினமாக்கியது.

லாட்புரோக்_குமரன்
புதன், காலை 11:30

எல்லாரும் நல்ல விசயங்கள் எழுதுறியள், வாசிக்கச் சந்தோசமாக இருக்கு. ஆனால் அந்த இடத்திலேயே குடியிருக்கிற ஒருவனின் பக்கத்தையும் சொல்ல வேணும். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லாட்புரோக் குரோவ் பக்கத்தில் 22 வருசமாக இருக்கிறன். ஒவ்வொரு வருசமும் வெள்ளிக்கிழமையே தெருவில் கடை, வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கத் தொடங்கிவிடுவினம். என்ர கதவடியில் சனம் மூத்திரம் பெய்துவிட்டுப் போகும். போன வருசம் மனிசிக்கு மூச்சுக் கஷ்டம் வந்து ஆம்புலன்ஸுக்கு அடிச்சம், தெருக்களைக் கடந்து வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுது. மில்லியன் கணக்கில் சனம் இந்தச் சின்னத் தெருக்களுக்குள் வந்தால் என்ன நடக்கும்? ஹைட் பார்க்குக்கு மாத்துங்கோ என்று சிலர் கேட்கினம். எனக்கும் சில வருசம் அதுதான் சரி என்று படும்.

ஒன்று மட்டும் சொல்ல வேணும். 2017 ஜூனில் கிரென்ஃபெல் கட்டடம் எரிஞ்சு 72 பேர் செத்தவை. எங்கட ஜன்னலுக்கால் பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியும். அந்த வருசக் கார்னிவலில் பின்னேரம் மூன்று மணிக்கு எல்லாச் சத்தமும் நின்றது. லாரி, ஸ்பீக்கர், விசில், எல்லாம். அவ்வளவு சனம் நின்ற தெருவில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் மனிசியும் வாசலில் இறங்கி நின்றனாங்கள். இப்பவும் ஒவ்வொரு வருசமும் 72 செக்கன் நிக்கினம்.

சவானா_செல்வம்
புதன், மாலை 4:15

குமரன் அண்ணை, உங்கள் மனைவிக்கு இப்போது உடம்பு தேவலையா? நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்க முடியாது. ஆனால் ஹைட் பார்க்குக்கு மாற்றுவது பற்றி ஒன்று சொல்கிறேன். இது அந்தத் தெருக்களில் நடந்ததற்குப் பதில் சொல்லப் பிறந்த விழா.

1958 ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர்கள் கும்பல் கும்பலாகக் கரீபியக் குடும்பங்களைத் தாக்கினார்கள். கிளாடியா ஜோன்ஸ் அப்போது லண்டனில் 'வெஸ்ட் இண்டியன் கெஜட்' நடத்திவந்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். கம்யூனிஸ்ட் என்பதற்காக அங்கே சிறையில் வைத்து, 1955-ல் நாடு கடத்திவிட்டார்கள். 1959 ஜனவரி 30-ம் தேதி, கடும் குளிரில், செயின்ட் பாங்க்ராஸ் டவுன் ஹாலுக்குள் ஒரு கார்னிவல் நடத்தினார். பிபிசி ஒளிபரப்பியது. விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் அபராதம் கட்ட வேண்டியிருந்த இளைஞர்களுக்கு. கறுப்பு, வெள்ளை இரண்டு தரப்புக்குமே. அதே வருஷம் மே மாதம் கெல்சோ காக்ரேன் என்ற ஆன்டிகுவா தச்சரை அந்தப் பகுதித் தெருவில் குத்திக் கொன்றார்கள்.

தெருவுக்கு வந்தது 1966-ல். ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு தெருவிழா ஏற்பாடு செய்தார். அதற்கு ரஸ்ஸல் ஹெண்டர்சனின் பான் குழுவைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசித்தபடியே நடக்க ஆரம்பித்தார்கள். வீடுகளிலிருந்து கரீபியர்கள் இறங்கி வந்து பின்னாலேயே நடந்தார்கள். இன்றைய ஊர்வலத்தின் ஆரம்பம் அந்த நடைதான். அந்தக் குழுவில் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் என்று ஒருவர். 1951-ல் பிரிட்டன் விழாவுக்காக டாஸ்போ என்ற குழுவை டிரினிடாட் அனுப்பியது, ஸ்டீல்பான் கடல் தாண்டிப் பெரிய அளவில் உலகத்தின் முன் வந்து நின்றது அப்போதுதான். அதில் வந்த மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கிவிட்டார். நித்யா, டாஸ்போ வாசித்த இடம் சவுத்பேங்க். நீங்கள் அந்தப் பெரியவரைக் கேட்ட அதே நதிக்கரை.

ஹாரோ_நித்யா
புதன், மாலை 5:02

இதைப் படித்ததும் புல்லரித்துவிட்டது செல்வம் சார். குமரன் அண்ணா, ஆம்புலன்ஸ் விஷயம் மனசை என்னவோ செய்தது. நடந்து போகிற எங்களுக்கு வாசலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தோன்றவே இல்லை.

பிரிக்ஸ்டன்_அருண்
புதன், இரவு 9:37

நான் லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும். எல்லோரும் சவுண்ட் சிஸ்டத்தை, அதாவது தெருவில் வைக்கும் ஸ்பீக்கர் அடுக்கை, வில்லன் மாதிரி பேசுகிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1973-ல் லெஸ்லி பால்மர் கார்னிவலைப் பொறுப்பெடுத்தபோது அது சின்ன விழாவாகச் சுருங்கிக் கிடந்தது. அவரே டிரினிடாட்காரர், ஆனால் வெறும் டிரினிடாட் விழாவாக இருந்தால் போதாது என்று நினைத்தார். ஜமைக்கா வீட்டுப் பிள்ளைகள், இங்கேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு ரெகே இசைதான் தாய்மொழி. அவர்களை ஸ்பீக்கர் பெட்டியோடு வந்து தெருமுனையில் நிற்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் இது எல்லாத் தீவுகளின் விழாவாயிற்று.

1976-ல் சுமார் 3000 போலீஸை இறக்கிக் கலவரமானபோது அடி வாங்கியது அந்தப் பிள்ளைகள்தான். நான் 14 வயதில் முதல்முதலாக ஒரு சவுண்ட் சிஸ்டம் முன்னால் நின்றேன். இந்த ஊரில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. பான் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் பான் மட்டும்தான் உண்மையான கார்னிவல் என்று சொல்லாதீர்கள்.

கென்சல்_பாலா
புதன், இரவு 10:20

அருண், ஒப்புக்கொள்கிறேன். தெருமுனையில் நிற்கும் சவுண்ட் சிஸ்டத்தோடு எங்களுக்குச் சண்டையே இல்லை, அதைக் கடந்து போய்விடலாம். எங்களை மூழ்கடிப்பது ஊர்வலத்திலேயே முன்னும் பின்னும் வரும் லாரிகள். 40 பேர் மின்சாரம் இல்லாமல் கையால் வாசிக்கிறோம். பின்னால் வரும் லாரி ஒரு பொத்தானை அழுத்தினால் எங்களுக்கே எங்கள் பேஸ் கேட்காது. டிரினிடாடிலும் இதே கதைதான் என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். அங்கேயும் பான் பனோரமா மேடைக்குள் போய்விட்டது, தெருவை லாரி எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரமாவது, ஒரு தெருவிலாவது, பானுக்கு மட்டும் வழிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கம்பிவேலை_மாலதி
வியாழன், காலை 7:55

பானைப் பற்றியே பேசுகிறீர்கள், மாஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! (நம் சினிமா 'மாஸ்' இல்லை. மாஸ்கரேட் என்பதன் சுருக்கம். வேஷம் கட்டுவதை 'மாஸ் ஆடுவது' என்பார்கள்.) ஹார்ல்ஸ்டனில் மஹோகனி என்ற குழு இருக்கிறது, கிளேரி சலாண்டி வடிவமைக்கும் உடைகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது வேறொரு சின்னக் குழுவில் நாலு வருஷமாகக் கம்பி வளைக்கிறேன். மெல்லிய கம்பி, பிரம்பு, கண்ணாடியிழைக் குச்சி, துணி, அவ்வளவுதான் சாமான். ஒரு சிறகு செய்தால் அது பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. காற்றடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆளைத் தள்ளிவிடக் கூடாது, அவர் தோளை அசைத்தால் சிறகின் நுனி வரை அந்த அசைவு ஓட வேண்டும். இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனவர் பீட்டர் மின்ஷல். 1974-ல் ஒரு சிறுமிக்காக அவர் செய்த ஹம்மிங்பேர்ட் உடையைப் பற்றி இன்றும் கம்பி வளைக்கிறவர்கள் பேசாத நாள் இல்லை.

பழைய வேஷங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோபமோ நினைவோ இருக்கும். 'டேம் லொரேய்ன்' என்றால் தோட்ட முதலாளி வீட்டுச் சீமாட்டியை அப்படியே நக்கலடிப்பது. 'ஜாப் மொலாசி' உடம்பு முழுக்க வெல்லப்பாகையோ தாரையோ பூசி வரும் பிசாசு, கரும்பாலையிலிருந்து நேராக எழுந்து வந்தது போல இருக்கும். 'மிட்நைட் ராபர்' குடைபோல அகன்ற தொப்பியோடு வழிமறித்து, தான் பிறந்தபோது பூமி நடுங்கியது என்கிற பாணியில் வீர வசனம் பேசிக் காசு கேட்பான். 'மோக்கோ ஜம்பி' ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கட்டைக்கால் ஆட்டம். 'புரோக்கீட்' என்றால் இடுப்பைச் சுற்றிக் கழுதைக் கூடு கட்டிக்கொண்டு ஆடுவது, பொய்க்கால் குதிரை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இப்போது ஊர்வலத்தில் பெரும்பாலும் மணி கோத்த பிகினியும் முதுகில் இறகும்தான். பெண்கள் தங்கள் உடம்பைக் கூச்சமில்லாமல் கொண்டாடுவதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதற்கும் இந்தத் தெருவில் உரிமை உண்டு. என் வருத்தம் வேறு. அந்த உடைகளில் நிறைய எங்கோ தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வருகின்றன. மாஸ் கேம்ப் என்பது ஜூன் மாதத்திலிருந்து அக்கம்பக்கத்து ஜனங்கள் உட்கார்ந்து ஒட்டி, தைத்து, சாப்பிட்டு, பேசுகிற இடம். பெட்டியில் உடை வந்தால் அந்த இடத்துக்கு வேலை இல்லை.

சவானா_செல்வம்
வியாழன், காலை 8:40

மாலதி, அந்தக் கடைசி வரிகளை இரண்டு தடவை படித்தேன்.

நம்மவர்களுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். உண்டு. 1845 மே 30-ல் ஃபத்தேல் ரசாக் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டிரினிடாட் வந்தது. பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. பெரும்பான்மை போஜ்புரி பேசியவர்கள் என்பதால் தமிழ் அங்கே நிலைக்கவில்லை. பக்கத்து நாடான கயானாவில் 'மதராசி' காளி கோயில்களில் தப்பு அடிப்பது மட்டும் இன்னமும் இருக்கிறது.

டிரினிடாடில் இந்தியர்கள் கொண்டுவந்த தாசா மேளம் இன்று எல்லோருடைய மேளமும் ஆகிவிட்டது. ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி விறைப்பாக்கி வாசிப்பார்கள். முஹர்ரம் ஊர்வலத்தை ஹோசே என்பார்கள், இந்துக்களும் ஆப்பிரிக்கர்களும் சேர்ந்தே மேளம் அடித்துப் போவார்கள். 1884 அக்டோபரில் சான் ஃபெர்னாண்டோவில் அந்த ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டுப் பலர் இறந்தார்கள். அதே வருஷம்தான் கார்னிவல் மேளத்துக்கும் தடை வந்தது என்று மேலே எழுதியிருந்தேன். இரண்டு ஜனங்களின் மேளமும் ஒரே ஆட்சிக்கு ஒரே வருஷத்தில் பயமுறுத்தலாகத் தெரிந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து போய் அங்கே வேலை பார்த்த எனக்கு இது சாதாரணச் செய்தியாகத் தோன்றவில்லை.

லாட்புரோக்_குமரன்
வியாழன், பகல் 12:18

மனிசி இப்ப சுகம், கேட்டதற்கு நன்றி செல்வம். மாலதி பிள்ளை எழுதினதை அவவுக்கு வாசித்துக் காட்டினன். 'சேர்ந்து இருக்கிற இடம் முக்கியம்தானே' என்றா. அடுத்த வருசம் சனிக்கிழமை அந்தப் பூங்காவுக்கு நாங்களும் வாறம் பாலா. எங்கட வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், 22 வருசமாகத் தெரியாமல் போச்சு.

கென்சல்_பாலா
வியாழன், மாலை 6:50

கட்டாயம் வாருங்கள் அண்ணை, நாற்காலி நான் கொண்டுவருகிறேன்.

இடம் என்று பேச்சு வந்ததால் என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். லாரியைவிட எனக்குப் பெரிய பயம் பான்யார்டு. 40 பேர் நின்று ராத்திரி 10 மணி வரை வாசிக்க ஒரு இடம், பக்கத்திலேயே 100 பான்களைப் பூட்டி வைக்க ஒரு அறை. லண்டன் வாடகையில் இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பயிற்சி செய்துவந்த இடத்தை விற்றுவிட்டார்கள். கார்னிவலுக்கு 7 வாரம் இருந்தது. ஒரு லாரி வாடகைக்கு எடுத்து, பான்களைப் பழைய போர்வையில் சுற்றி ஏற்றினோம். போர்வை போதாமல் ஆளுக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். லேசாக இடிபட்டாலும் சுருதி போய்விடும். அந்த வருஷம் ஒரு கார் பார்க்கிங்கில் நின்று பயிற்சி செய்தோம், மழை வந்தால் தார்ப்பாய்.

பாட்டு தாளில் இல்லை, ஆட்களிடம்தான் இருக்கிறது என்று முன்பே எழுதினேன். அவர்கள் அருகருகே நிற்க இடம் இருந்தால்தான் ஒருவர் குச்சி இன்னொருவர் பானைத் தொடும். அந்த 70 வயது அம்மா இடம் மாறிய வருஷம் இரண்டு பஸ் மாறி வந்தார். அதற்கு அடுத்த வருஷம் வரவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் மனசில் எத்தனை வருஷத்துப் பனோரமா பாட்டுகள் இருந்தன என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

பிரிக்ஸ்டன்_அருண்
வியாழன், இரவு 7:30

பாலா அண்ணா, அந்த அம்மாவின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்யலாமே? என்னிடம் நல்ல மைக் இருக்கிறது. நானே வந்து எடுத்துத் தருகிறேன்.

கென்சல்_பாலா
வியாழன், இரவு 7:41

உன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பு தம்பி. இந்த வாரக் கடைசியே போகலாம்.

ஹாரோ_நித்யா
ஐந்து வாரம் கழித்து, வியாழன், இரவு 11:26

இந்த இழையைத் திரும்ப மேலே கொண்டுவருகிறேன். பாலா சொன்ன இடத்தில் இன்று பழகுநர் வகுப்புக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு வந்தேன்.

என்னைக் கிடார் பானில் நிறுத்தினார்கள். மெட்டு கிடையாது, தாளத்தின் இடைவெளியில் ஸ்வரக்கூட்டை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் சுற்றிய குச்சியை இறுக்கிப் பிடித்ததில் அரை மணி நேரத்தில் ஆள்காட்டி விரலில் கொப்புளம். பக்கத்திலிருந்த பள்ளிக்கூடப் பெண் தன் பையிலிருந்து டேப் எடுத்து என் விரலில் சுற்றிவிட்டாள், பேச்சே இல்லாமல், தினமும் செய்கிற வேலை மாதிரி. குச்சியை இறுக்கவே கூடாதாம். விழுந்து எழும்ப விட வேண்டும், அப்போதுதான் இரும்பு பாடுமாம். கடைசிப் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து முதல் 16 அடியை வாசித்தோம். பேஸ் என் காலுக்கடியில் தரையிலிருந்து ஏறி வந்தது. டெனர்கள் உள்ளே நுழைந்த இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுவிட்டது, அப்படியே கேட்டுக்கொண்டு நின்றேன். யாரும் திட்டவில்லை. அந்தப் பெண் குச்சியை நீட்டி என் பானில் ஒரு இடத்தைத் தொட்டாள்.

அடுத்த வியாழன் 7 மணி. ரவி சார், பிரேக் டிரம் தட்ட ஆள் குறைகிறதாம், தாளம் நிற்கிற கை வேண்டும் என்கிறார்கள். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.